கார் பெயரை வகையாக்காதீர்கள்: ஆன்லைன் உதிரிபாகக் கடையை அடுக்கும் முறை

ஆன்லைனில் கார் உதிரிபாகம் விற்க இறங்குகிற பலரும் முதலில் போடுகிற வகைப் பட்டியல் டொயோட்டா, ஹோண்டா, சுசுகி, ஃபோக்ஸ்வாகன் என்றுதான் தொடங்கும். டொயோட்டாவுக்குள் கொரோலா, கொரோலாவுக்குள் பிரேக், பிரேக்குக்குள் பேட். சரக்கு கொஞ்சமாக இருக்கும் வரை பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். அதற்கப்புறம் ஒரே பேடை நாலு காருக்குக் கீழே நாலு தனிப் பொருளாக நகலெடுத்துப் போட ஆரம்பிப்பார்கள். ஒன்றில் விலையை மாற்றினால் மற்ற மூன்றில் பழைய விலை நிற்கும். ஸ்டாக் தீர்ந்த பிறகும் ஏதோ ஒரு மூலையில் 'கையிருப்பில் உள்ளது' என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

பாகங்களுக்கு வண்டியின் பெயர்ப்பலகை ஒரு பொருட்டே இல்லை. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஆடி ஏ3, சியாட் லியோன், ஸ்கோடா ஆக்டேவியா நாலும் ஒரே அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்பவை. கேபின் ஃபில்டரிலிருந்து பிரேக் டிஸ்க் வரை பல பாகங்கள் பொது. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின், சுசுகி வண்டியில் டிடிஐஎஸ் என்ற பெயரிலும் ஓப்பல் வண்டியில் சிடிடிஐ என்ற பெயரிலும் ஓடியது. டொயோட்டா ஜிடி86-ஐயும் சுபாரு பிஆர்இசட்-ஐயும் பேட்ஜை மறைத்துவிட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே கார். இவற்றின் பாகங்களை எந்தக் கம்பெனிக்குக் கீழே போடுவீர்கள்?

நான் பார்ட்ஸ் கவுன்ட்டரில் நின்று பழகி, அப்புறம் கேட்டலாக் வேலைக்கு வந்தவன். கவுன்ட்டரில் ஆள் வந்து நின்றால் மூன்று கேள்விதான். என்ன பாகம் வேண்டும்? எந்த வண்டிக்கு? அதில் எந்த மாதிரி? ஆன்லைன் கடையும் இந்த மூன்றையும் மூன்று தனித்தனி இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என்ன பாகம் என்பதை வகை சொல்லும். எந்த வண்டிக்கு என்பதைப் பொருத்தப் பட்டியல் சொல்லும். எந்த மாதிரி என்பதைப் பண்புகள் சொல்லும். ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டும்போதுதான் கடை குழம்புகிறது.

மேல் அடுக்கு

மேலே பன்னிரண்டிலிருந்து பதினைந்து பெயர் போதும். நான் வழக்கமாகத் தொடங்குவது இப்படி: பிரேக், ஃபில்டர், இன்ஜின், கூலிங், எரிபொருளும் எக்ஸாஸ்ட்டும், கிளட்சும் கியர்பாக்ஸும் டிரைவ்ஷாஃப்ட்டும், சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும், பேட்டரியும் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும், இக்னிஷன், விளக்கு, ஏசியும் ஹீட்டரும், பாடியும் கண்ணாடியும், வைப்பர், டயரும் வீலும், ஆயிலும் திரவங்களும். கருவிகள், சீட் கவர், பாலிஷ் மாதிரியானவற்றையும் விற்றால் அவற்றுக்குத் தனி மெனு கொடுங்கள். உதிரிபாகங்களோடு கலக்க வேண்டாம்.

கார் கம்பெனிகளே தங்கள் கேட்டலாக்கை அழகாகப் பிரித்து வைத்திருக்கின்றனவே, அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பிஎம்டபிள்யூவில் 11 இன்ஜின், 17 கூலிங், 32 ஸ்டீயரிங், 34 பிரேக், 63 விளக்கு. ஃபோக்ஸ்வாகனில் 1 இன்ஜின், 6 வீலும் பிரேக்கும், 8 பாடி, 9 எலக்ட்ரிக்கல். படித்து வைத்துக்கொள்ளுங்கள், சரக்குப் பட்டியலைப் பிரிக்கும்போது கைகொடுக்கும். ஆனால் கடையின் முகப்பில் அதை அப்படியே ஒட்டாதீர்கள். அந்தப் பிரிப்பு, பாகம் வண்டியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துப் போட்டது. அதன்படி போனால் ஆயில் ஃபில்டர் இன்ஜினுக்குள் போகும், கேபின் ஃபில்டர் ஏசிக்குள் போகும். வாங்குகிறவரோ சர்வீஸ் செய்வதற்காக வருகிறார். ஆயில், ஏர், ஃபியூயல், கேபின் என நாலு ஃபில்டரையும் ஒரே உட்காரலில் வாங்கிவிட்டுப் போக நினைக்கிறார். அதனால்தான் என் பட்டியலில் ஃபில்டருக்கு மேல் அடுக்கில் இடம். சேர்ந்து கழற்றப்படுவதும் சேர்ந்து வாங்கப்படுவதும் வேறு வேறாக இருந்தால் வாங்குகிறவர் பக்கம் நில்லுங்கள்.

'எலக்ட்ரிக்கல்' என்று ஒரு பெரிய வகையை நான் வைப்பதில்லை. நிறையப் பேருக்கு இதில் உடன்பாடு இல்லை, தெரியும். இன்றைய காரில் ஒயர் போகாத இடம் ஏது? அந்தப் பெயரில் ஒரு வகை இருந்தால், எங்கே வைப்பதென்று தெரியாத எல்லாம் அங்கே போய்ச் சேரும். ஏபிஎஸ் சென்சார் பிரேக்குக்குப் போகட்டும், ஆக்சிஜன் சென்சார் எக்ஸாஸ்ட்டுக்கு, கூலன்ட் வெப்பநிலை சென்சார் கூலிங்குக்கு. சென்சார் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க விரும்புபவருக்கு ஒரு தொகுப்புப் பக்கம் போட்டுக் கொடுத்தால் போதும்.

மொத்தம் மூன்று அடுக்குக்கு மேல் போக வேண்டாம். பிரேக், அதற்குள் டிஸ்க் பிரேக், அதற்குள் பிரேக் பேட் என்று நின்றுவிடும். நான்காவது அடுக்கு தேவைப்படுகிறது என்று தோன்றினால், பெரும்பாலும் நீங்கள் ஒரு பண்பையோ ஒரு காரையோ வகையாக்கப் பார்க்கிறீர்கள் என்று பொருள்.

கடைசி அடுக்குக்கு ஒரு சோதனை

இந்தப் பகுதியைத்தான் நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் அதிக நேரம் பேசுவேன். ஒரு கடைசி அடுக்கு வகை சரியாகப் பிரிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்வி கேட்டால் போதும்: இதற்குள் இருக்கும் எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவுகளைச் சொல்ல முடியுமா?

பிரேக் பேடை எடுத்துக்கொள்ளுங்கள். முன் அச்சா பின் அச்சா, அகலம், உயரம், தடிமன், தேய்மான சென்சார் உண்டா இல்லையா, பேடை அழுத்தும் காலிப்பர் எந்தக் கம்பெனியுடையது. டிஸ்க்குக்கு இவை ஒத்துவராது. அதற்கு விட்டம், புதிதாக இருக்கும்போது தடிமன், குறைந்தபட்சத் தடிமன், காற்றுப்பாதை உள்ளதா அல்லது திடமானதா, போல்ட் துளை எத்தனை, பூச்சு உண்டா என்று வேறு பட்டியல். ஆகவே 'பேட் மற்றும் டிஸ்க்' என்று ஒரே வகை போட்டால், பக்கத்தின் ஓரத்தில் வரும் தேர்வுப்பெட்டிகளில் பாதி எப்போதும் காலியாக இருக்கும். இரண்டாகப் பிரியுங்கள்.

இதே சோதனையை எதிர்ப்பக்கமும் ஓட்டிப் பாருங்கள். முன் பேடுக்கும் பின் பேடுக்கும் சொல்ல வேண்டிய அளவுகள் ஒன்றேதான். அப்படியானால் 'முன்', 'பின்' என்பது வகை அல்ல, பண்பு. காற்றுப்பாதை உள்ள டிஸ்க், திடமான டிஸ்க்? பண்பு. செராமிக் பேட்? பண்பு. போஷ் பேட், பிரெம்போ பேட் என்று பிராண்ட் பெயரில் வகை போடுகிறார்களே, அதுவும் பண்புதான். டிரம் பிரேக் ஷூ மட்டும் தனி வகை. ஏனென்றால் அதற்கு டிரம்மின் விட்டமும் ஷூவின் அகலமும் வேண்டும், பேடின் அளவுகள் எதுவும் ஒட்டாது.

ஆயில் ஃபில்டரில் இந்தச் சோதனை கொஞ்சம் இழுபறியாகும். திருகிப் பொருத்தும் டப்பா மாதிரி ஃபில்டருக்கு மரை அளவு முக்கியம். உறைக்குள் செருகும் காகித ஃபில்டருக்கு மரையே கிடையாது, உயரமும் உள்விட்டமும் வெளிவிட்டமும்தான். கண்டிப்பாகப் பார்த்தால் இரண்டு வகை. நான் ஒன்றாகவே வைப்பேன், அமைப்பு என்ற பண்பால் பிரிப்பேன். காரணம், வாங்குகிறவரில் நிறையப் பேருக்குத் தன் வண்டியில் எது இருக்கிறது என்று தெரியாது. தெரியாத ஒன்றைக் கேட்டு அவரை வாசலில் நிறுத்தக் கூடாது. விதி தடுமாறும் இடத்தில் வாங்குகிறவருக்கு என்ன தெரியும் என்பதுதான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

பல்பில் கதை நேர்மாறு. எச்4, எச்7, டபிள்யூ5டபிள்யூ என்பதெல்லாம் பண்புதான். ஆனால் ஆள் வரும்போதே 'எச்7 வேண்டும்' என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார். கழற்றிய பல்பின் அடியில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு வருகிறவர் அவர். எனவே வகை 'ஹெட்லைட் பல்பு' என்றே இருக்கட்டும். அதன் உச்சியில் எச்1, எச்4, எச்7, எச்11 என்று பெரிய பொத்தான்களாக வைத்துவிடுங்கள். டயருக்கும் அப்படித்தான். 195/65 ஆர்15 91எச் என்று டயரின் பக்கவாட்டில் இருப்பதைப் பார்த்துத் தட்டுவதற்கு முதலில் மூன்று பெட்டி, அகலம், பக்க உயர விகிதம், ரிம் அங்குலம். 91 என்ற சுமை எண் ஒரு டயருக்கு 615 கிலோ, எச் என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. இவை இரண்டும் அடுத்த வரிசையில் வரலாம்.

கிட் என்று வருபவற்றைத் தனி வகையாக வைத்துவிடுங்கள், அவற்றின் முக்கியப் பாகம் எந்தக் குடும்பமோ அதற்குள்ளேயே. கிளட்ச் கிட், கிளட்சுக்குள். டைமிங் பெல்ட் கிட், இன்ஜினுக்குள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு பண்பு கட்டாயம். வாட்டர் பம்ப் உள்ள டைமிங் கிட்டும் இல்லாத கிட்டும் படத்தில் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்து தொலைக்கும்.

எங்கே வைப்பது என்று சண்டை வரும் பாகங்கள்

வாட்டர் பம்ப் கூலிங்கா, இன்ஜினா? ரேடியேட்டர் ஃபேன்? வீல் பேரிங் சஸ்பென்ஷனா, வீலா? பிரேக் லைட் ஸ்விட்ச் பிரேக்கா, விளக்கா? ஹேண்ட்பிரேக் கேபிள், க்ளோ பிளக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் என்று இந்த வரிசை நீளும்.

என் வழக்கம் இது. பழுது என்று சொல்லி வண்டியைக் கொண்டுவந்தால் மெக்கானிக் எந்த வேலைக்குக் கீழே இதைக் கழற்றுவார்? வண்டி சூடாகிறது என்று வந்தால் வாட்டர் பம்பையும் ரேடியேட்டர் ஃபேனையும் பார்ப்பார். ஆகவே கூலிங். பிரேக் மிதித்தால் பின் விளக்கு எரியவில்லை என்று வந்தால் முதலில் பல்பு, அப்புறம் ஸ்விட்ச். ஸ்விட்ச் இருப்பது பிரேக் பெடலுக்குப் பக்கத்தில், கழற்றக் கை போவதும் அங்கேதான். நான் அதை பிரேக்கில் வைப்பேன். நீங்கள் விளக்கில் வைத்தாலும் வானம் இடிந்து விழாது. எங்கே வைத்தாலும் ஒரே ஒரு சொந்த வீடு. இன்னொரு வகையில் தேடுபவருக்கு அங்கிருந்து ஒரு குறுக்கு இணைப்பு. பொருளின் இணைய முகவரியும் பக்கத்தின் மேலே வரும் 'முகப்பு, பிரேக், ஸ்விட்ச்' என்ற வழித்தடமும் சொந்த வீட்டையே காட்ட வேண்டும். முடிவெடுத்ததும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், காரணத்தோடு. இல்லாவிட்டால் அடுத்து வேலைக்கு வருபவர் இதே சண்டையை முதலிலிருந்து போடுவார்.

பண்புகளில் வழுக்கும் இடங்கள்

இடது, வலது என்பது வண்டிக்குள் உட்கார்ந்து முன்னே பார்க்கும் ஆளின் இடது, வலது. வண்டிக்கு எதிரே நின்று பார்ப்பவருடையது அல்ல. இதை ஒவ்வொரு விளக்கு, கண்ணாடி, ஃபெண்டர் பக்கத்திலும் ஒரு வரியில் எழுதுங்கள். 'டிரைவர் பக்கம்' என்று எழுதவே கூடாது. ஸ்டீயரிங் இடப்பக்கம் உள்ள வண்டியும் வலப்பக்கம் உள்ள வண்டியும் உலகத்தில் உண்டு, டிரைவர் பக்கம் என்பது இரண்டிலும் எதிரெதிர். ஹெட்லைட்டில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான ஒளிக்கற்றை ஒரு பக்கம் சாயும், வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது மறுபக்கம். ஆகவே 'பொருத்தும் பக்கம்' ஒரு பண்பு, 'போக்குவரத்துப் பக்கம்' வேறொரு பண்பு. முன்/பின், இடது/வலது, மேல்/கீழ், உள்/வெளி நாலையும் நாலு தனிப் புலமாக வையுங்கள். 'முன் இடது கீழ்' என்று ஒரே புலத்தில் எழுதிவிட்டால் பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஸ்பார்க் பிளக்கில் வெப்ப எண் என்று ஒன்று உண்டு. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் ஏற ஏற பிளக் குளிர்வானது. போஷ், சாம்பியனில் எண் ஏற ஏற சூடானது. இரண்டையும் ஒரே 'வெப்ப எண்' தேர்வுப்பெட்டியில் கொட்டினால் வாங்குகிறவர் தலைகீழான பிளக்கைத் தேர்ந்தெடுப்பார். மரை விட்டம், மரை நீளம், எலக்ட்ரோடு உலோகம் ஆகியவற்றைத் தேர்வுப்பெட்டியாகக் கொடுங்கள். வெப்ப எண் பொருளின் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும்.

பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4, டாட் 5, டாட் 5.1. கணினிக்கு இவை வெறும் எண்கள், வரிசையாக அடுக்கிவிடும். ஆனால் டாட் 5 சிலிக்கோனால் ஆனது. மற்ற மூன்றும் கிளைக்கால் குடும்பம், அவற்றோடு டாட் 5-ஐக் கலக்கக் கூடாது. '4-க்கு மேல்' என்று இழுக்கும் பட்டையை இங்கே வைக்காதீர்கள். பெயர்ப் பட்டியலாகக் கொடுங்கள், டாட் 5-க்குப் பக்கத்தில் 'சிலிக்கோன்' என்று எழுதுங்கள்.

பேட்டரியில் ஆம்பியர்-ஹவர் மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் நிறைய. நீளம், அகலம், உயரம், பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம், குளிர் ஸ்டார்ட் ஆம்பியர், ரகம் என்ன (ஏஜிஎம்மா ஈஎஃப்பியா சாதாரணமா), இவ்வளவும் வேண்டும். முனை மாறிய பேட்டரிக்கு கேபிள் எட்டாது. அலாய் வீலில் 5×112-ம் 5×114.3-ம் (போல்ட் துளை எத்தனை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர்) கண்ணுக்கு ஒன்றுதான், போல்ட்டுக்கு ஒன்றல்ல. துளை இடைவெளி, நடுத்துளை விட்டம், ஆஃப்செட் மூன்றும் கட்டாயப் புலங்கள். இவற்றில் எது காலியாக இருந்தாலும் பொருள் தளத்தில் ஏறக் கூடாது என்று பூட்டு போட்டுவிடுங்கள்.

விற்கும் அளவையும் ஒரு பண்பாக்குங்கள். பிரேக் பேட் பொதுவாக ஒரு அச்சுக்கான நாலு பேட் கொண்ட செட். டிஸ்க் சிலரிடம் ஒற்றை, சிலரிடம் ஜோடி. ஸ்பார்க் பிளக் ஒற்றையாகவும் வரும், நாலாகவும் வரும். இதை எழுதாத கடையில் நாலு சக்கரம் இருக்கிறதே என்று நாலு செட் பேட் ஆர்டர் வரும். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், காலிப்பர், டர்போ ஆகியவற்றுக்கும் இப்படித்தான். 'மறுசீரமைத்தது' என்பது பண்பு, அதற்காகத் தனி வகை வேண்டாம்.

எந்த வண்டிக்கு

கம்பெனி, மாடல், ஆண்டு மூன்று மட்டும் கேட்டால் போதாது. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் என்பது ஒரு கார் அல்ல. ஈ46, ஈ90, எஃப்30, ஜி20 என்று தலைமுறைக்குத் தலைமுறை வேறு வண்டி. ஆகவே தலைமுறை ஒரு புலம், இன்ஜின் குறியீடு ஒரு புலம், தயாரிப்புத் தொடக்கமும் முடிவும் மாதம், ஆண்டோடு. தயாரித்த ஆண்டு, மாடல் ஆண்டு, பதிவு செய்த ஆண்டு மூன்றும் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். வாங்குகிறவர் சொல்வது பெரும்பாலும் பதிவு ஆண்டு, பாகம் கேட்பதோ தயாரிப்பு மாதம்.

இவ்வளவு தெரிந்தும் சில பாகங்களுக்குப் போதாது. ஐந்தாம் தலைமுறை கோல்ஃபில் முன் டிஸ்க் 280, 288, 312 மில்லிமீட்டர் என்று இன்ஜினையும் வசதிகளையும் பொறுத்து மாறும். அங்கே 'உங்கள் டிஸ்க்கின் விட்டத்தை அளந்து பாருங்கள்' என்று ஒரு நிபந்தனை வரி வர வேண்டும். அந்த வரிக்குப் பொருத்தப் பட்டியலிலேயே ஒரு புலம் ஒதுக்குங்கள். பொருளின் விளக்கத்தில் ஐந்தாவது பத்தியில் எழுதினால் யாரும் படிப்பதில்லை.

இந்தப் பட்டியலைக் கையால் கட்ட முயல வேண்டாம். ஐரோப்பியப் பக்கம் டெக்டாக் என்ற உதிரிபாகத் தகவல் தொகுப்பு இருக்கிறது, ஒவ்வொரு வண்டி வகைக்கும் கே-டைப் என்று ஓர் எண் தரும். வட அமெரிக்கப் பக்கம் ஆட்டோ கேர் அசோசியேஷனின் ஏசஸ், பைஸ் என்ற இரண்டு தரமுறைகள்: ஏசஸ் பொருத்தத்துக்கு, பைஸ் பொருளின் விவரங்களுக்கு. சப்ளையரிடம் இந்த வடிவத்தில் கோப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அவற்றில் பாகங்களுக்கு நிலையான பெயரும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை உங்கள் கடைசி அடுக்கு வகையோடு ஒன்றுக்கொன்று கட்டிவைத்தால், புதுச் சரக்கு வரும்போது அது தானாகவே தன் இடத்தில் போய் உட்காரும். உங்கள் கடையில் காட்டும் பெயர் வேறாக இருக்கலாம், எண் மட்டும் மாறக் கூடாது.

பொருத்தப் பட்டியல் காலியாக இருக்கும் பொருளை என்ன செய்வது? இங்கேதான் பல கடைகள் சறுக்குகின்றன. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்பது ஒரு நிலை, 'இன்னும் தகவல் ஏற்றவில்லை' என்பது வேறொரு நிலை. இரண்டையும் காலிப் புலமாக விட்டால் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. சோப்பு, துணி, ஜாக்கி முதல் நிலை. கார் தேர்ந்தெடுத்த பிறகும் அவை தெரிய வேண்டும். தகவல் இல்லாத டை ராடு எண்டு (ஸ்டீயரிங் பாகம்) இரண்டாம் நிலை, கார் தேர்ந்தெடுத்ததும் அது மறைந்துவிட வேண்டும். இன்ஜின் ஆயில் முதல் நிலை மாதிரித் தோன்றும். ஆனால் 5டபிள்யூ-30 என்ற ரக ஆயில் கேட்கிற வண்டிக்கு 20டபிள்யூ-50 காட்டுவது சரியல்ல, அதற்கும் பொருத்தம் வேண்டும்.

சேசிஸ் எண்ணைத் தட்டித் தேடும் வசதி வைத்தால், அந்த எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 17 இருக்கும், ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வராது. பெட்டியிலேயே இதைச் சோதித்துவிட்டால் பூஜ்யத்தை ஓ என்று தட்டியவருக்கு உடனே சொல்லிவிடலாம். 1981-க்கு முந்தைய வண்டிகளில் எண் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே மாடல் பட்டியலும் கூடவே இருக்கட்டும்.

தேடல் பெட்டி

மெக்கானிக்குகள் வகைப் பட்டியலைத் திறப்பதே இல்லை, பாக எண்ணைத்தான் தட்டுவார்கள். 1கே0 698 151 என்பதை இடைவெளியோடும் தட்டுவார்கள், சேர்த்தும் தட்டுவார்கள், கோடு போட்டும் தட்டுவார்கள். உள்ளே வைக்கும்போதே இடைவெளி, கோடு, புள்ளி எல்லாவற்றையும் நீக்கிய ஒரு வடிவத்தையும் சேர்த்து வையுங்கள். கம்பெனி எண், மாற்று பிராண்டுகளின் எண், கைவிடப்பட்ட பழைய எண் மூன்றும் தேடலில் சிக்க வேண்டும். பேச்சு வழக்கும் அப்படியே. சைலன்சர் என்று தட்டினாலும் மஃப்ளர் என்று தட்டினாலும் ஒரே பக்கம், டிக்கி என்றாலும் பூட் என்றாலும் ஒரே பக்கம். ஆல்டர்னேட்டரை இன்னும் டைனமோ என்கிறவர்கள் இருக்கிறார்கள். திருத்தாதீர்கள், எடுத்துக் கொடுங்கள்.

முகவரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வகையின் முகவரியில் மேல் அடுக்கின் பெயரைச் சேர்க்காதீர்கள், நாளை வகையை நகர்த்தினால் இணைப்பெல்லாம் உடையும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரியைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 திருப்பம் போடுங்கள். தேர்வுப்பெட்டிகள் உண்டாக்கும் ஆயிரக்கணக்கான முகவரிகளைத் தேடுபொறி மேயாமல் தடுங்கள். 'கொரோலா பிரேக் பேட்' மாதிரியான பக்கங்களைப் பொருத்தப் பட்டியலிலிருந்து தானாக உண்டாக்கலாம், அந்த வண்டிக்கு உண்மையிலேயே சரக்கு இருந்தால் மட்டும். கார் பெயருக்கு கடையில் உரிய இடம் அதுதான். வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் வகைக்குள் வகை வைக்கலாம், பண்புகளைக் கடை முழுவதற்கும் பொதுவாக வரையறுக்கலாம். ஷாப்பிஃபை என்ற கடைத் தளத்தில் பொருள்களைத் தொகுப்பது கலெக்ஷன், அங்கே கலெக்‌ஷனுக்குள் கலெக்‌ஷன் கிடையாது, அடுக்கை மெனுவில்தான் காட்ட வேண்டும்.

ஏற்கனவே ஓடும் கடையை மாற்றுவது

பொருள் பட்டியலை ஒரு விரிதாளில் இறக்குங்கள். 'புதிய வகை' என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். பாக எண்களைப் பார்த்தாலே பெரும்பகுதியைப் பிரித்துவிடலாம், பெயரைப் படிக்கவே வேண்டாம். டொயோட்டா எண் 04465 என்று தொடங்கினால் முன் பேட், 04466 என்றால் பின் பேட், 90915 என்றால் ஆயில் ஃபில்டர். ஃபோக்ஸ்வாகனில் நடுவில் 698 151 இருந்தால் முன் பேட், 698 451 பின் பேட், 615 301 முன் டிஸ்க், 615 601 பின் டிஸ்க். பிஎம்டபிள்யூவில் 34 11 முன் பிரேக், 34 21 பின் பிரேக். மேன் என்ற பிராண்டின் ஃபில்டரில் டபிள்யூ என்று தொடங்கினால் திருகும் ஆயில் ஃபில்டர், எச்யூ உறைக்குள் செருகுவது, சி ஏர் ஃபில்டர், சியூ கேபின் ஃபில்டர், சியூகே கரி கலந்த கேபின் ஃபில்டர், டபிள்யூகே ஃபியூயல் ஃபில்டர். ஒரு எளிய சூத்திரம் எழுதி இழுத்தால் ஒரு பொழுதுக்குள் பாதிக் கடை பிரிந்துவிடும்.

மிச்சத்தைக் கையால்தான் செய்ய வேண்டும். அதிகம் விற்பதிலிருந்து தொடங்குங்கள். 'இதர' என்று ஒரு பெட்டி இடைக்காலத்துக்கு மட்டும் இருக்கலாம், வாங்குகிறவர் கண்ணில் படாமல்.

மெனுவை வெளியே விடுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கையும் வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரையும் உட்காரவைத்து, பாகங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்தப் பொத்தானை அழுத்துவீர்கள் என்று கேளுங்கள். பதில் எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள். இருவரும் ஒரே தவறான இடத்துக்குப் போனால் உங்கள் பெயர்தான் தவறு, வகையின் பெயரை மாற்றுங்கள். ஆளுக்கொரு இடத்துக்குப் போனால் குறுக்கு இணைப்பு போடுங்கள்.

திறந்த பிறகு, ஒன்றும் கிடைக்காமல் போன தேடல்களின் பட்டியலை வாரம் ஒரு முறை எடுத்துப் படியுங்கள். அதில் மூன்று ரகம் இருக்கும். உங்களிடம் இருந்தும் வேறு பெயரில் இருப்பவை: மாற்றுப் பெயர்ப் பட்டியலில் சேருங்கள். எண் தவறாகத் தட்டியவை: ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளும்படி செய்யுங்கள். உங்களிடம் இல்லாத பாகங்கள்: அதைக் கொள்முதல் பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், அதற்காக முன்கூட்டியே ஒரு காலி வகையைத் திறந்து வைக்க வேண்டாம். புது வகை திறக்கும் உரிமையும் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். கேட்டு வருபவர் அந்த வகையின் பண்புப் பட்டியலை எழுதிக்கொண்டு வந்தால் மட்டும் அவர் பேச்சைக் கேளுங்கள்.